பணிப்பாளர் கையளவுப் பந்து

அரச அலுவலகத்தில் உள்ள பொருள் எதுவும் ஆளுக்குரியதல்ல, பதவிக்குரியது என்பது யாவரும் அறிந்ததே. கதிரை, அலுமாரி, வாகனம், சில வேளைகளில் மரியாதை என்று எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும். எங்கள் அலுவலகத்தில் அது போலிங் பந்துக்கும் பொருந்தியது.

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் ஒரு விடுதிக்காரர் போலிங் ஓடுபாதை போட்ட வருஷம், நகரத்து உத்தியோகத்தர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த விளையாட்டின் மேல் ஆசை பிறந்தது. முந்தின வருஷம் சைக்கிள். அதற்கு முந்தின வருஷம் சியா விதை. பாரமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்த வேண்டும். பாதையின் இரண்டு பக்கமும் வாய்க்கால் போலக் கான் உண்டு. கை பிசகினால் பந்து கானுக்குள் போகும். அலுவலகங்களுக்கிடையில் கிண்ணப் போட்டியும் வைத்துவிட்டார்கள். உடனே எங்கள் கரையோர உடலுறுதி மேம்பாட்டு அலுவலகம், விரல் துளை போடாத புதுப் பந்தொன்றை முறைப்படி கொள்வனவு செய்தது.

உதவிப் பணிப்பாளராகிய நான் காணொளிகள் பார்த்து ஞானம் பெற்றேன். பந்துக்குள்ளே கனமான கரு ஒன்று இருக்கிறது. அதன் உச்சியைக் காட்ட வெளியே ஒரு சின்னப் புள்ளி. விரல் துளைகளுக்கு மேலே புள்ளி வரும்படி துளைத்தால், பந்து எண்ணெய் பூசிய பாதையில் நேரே போய்க் கடைசியில் சடாரென்று திரும்பும். புள்ளி கீழே வந்தால் வேளைக்கே மெல்ல வளையத் தொடங்கும். எறிகிறவன் கையைச் சுழற்றும் விதம் பார்த்து, அவன் விரலை அளந்துதான் துளை போட வேண்டும். இவ்வளவையும் நான் பணிப்பாளர் ஜவாஹிர் சேரிடம் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நல்லது பாலசிங்கம். என்ர கையை அளவெடுங்கோ" என்றார்.

"சேர் விளையாடுறீங்களோ?"

"நானோ? நான் தலைமை தாங்க வேணுமே. என்ர சார்பில நீங்கள் எறியுங்கோ."

"அப்ப அளவு என்ர கையில..."

"அலுவலகப் பந்து தலைவர்ட கைக்குத்தான் இருக்க வேணும். நாளைக்கு ஆரும் கேட்டா என்ன சொல்றது?"

அவருடைய விருப்பப்படி புள்ளி மேலே வந்தது. எந்தப் பக்கம் திரும்பும் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. அவருடைய பெருவிரலோ தடித்தது. அந்தத் துளைக்குள் என் விரல் வாடகைக்குக் குடியிருந்தது. முதல் போட்டியில் எறிந்த பந்தெல்லாம் கானுக்குள் போயின.

"துளை அமைப்புப் பிழை" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் கையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜவாஹிர் சேர் மாற்றலாகிப் போக, சுலோஜனா மேடம் வந்தார். அவருடைய கைக்கு மாற்றப் பந்து பக்கத்துக் கிண்ணியாவுக்குப் போனது. அங்கே பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் முனாஸ் பழைய துளைகளைப் பிசின் ஊற்றி அடைத்து, புதுத் துளை போட்டுத் தந்தார்.

"இது சரியா வருமா முனாஸ்?"

"படகெண்டா சொல்லுவன் சேர். இது தண்ணியில போறதில்லயே, ஏன் பயப்படுறீங்க?"

மேடத்துக்குப் புள்ளி கீழே வேண்டும். "போய் முட்டினாப் பிறகு வளைஞ்சு என்ன? முதல்லயே வளையட்டும்" என்றார். அவருடைய மெல்லிய விரலுக்குப் போட்ட துளைக்குள் என் பெருவிரல் நகம் மட்டும்தான் போனது. அந்த வருஷமும் கான். அந்த வருஷமும் துளை அமைப்பு. என்னுடைய கைக்கு மட்டும் ஒரு பந்து இருந்தால் கிண்ணம் எங்களுக்குத்தான் என்று கன்டீனில் தினமும் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும் விட்டேன்.

பிறகு மேடமும் மாற்றலாகிப் போனார். புதியவர் வரும்வரை பதில் பணிப்பாளர் நான்.

பந்தை அன்றைக்கே கிண்ணியாவுக்குக் கொண்டு ஓடினேன். "சேர், இதில ஓட்டைய விட அடைச்ச இடந்தான் கூட" என்றார் முனாஸ். என் கை, என் விரல், நான் படித்த அமைப்பு. புள்ளி மேலே.

போட்டியன்று காலை முகாமைத்துவ உதவியாளர் இரத்தினேஸ்வரி என் மேசைக்கு வந்தார்.

"சேர், தோல்வி அறிக்கையை இப்பவே அடிச்சு வைக்கட்டோ? காரணம் எண்ட இடத்தில என்ன போடுறது?"

"இந்த முறை அறிக்கை தேவைப்படாது, பிள்ளை."

"ஓம் சேர்" என்றார். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகம் முழுவதும் விடுதியில் கூடியது. விரல்கள் துளைக்குள் அளவாய் இறங்கின. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. எறிந்தேன். பந்து எண்ணெயில் நேரே போனது. நான் சொன்ன இடத்தில், சொன்னபடியே சடாரென்று திரும்பியது. அமைப்பில் ஒரு குறையும் இல்லை. திரும்பி நேரே கானுக்குள் போனது. குறிதான் பிழை. கடைசிப் பந்துவரை அதே அமைப்பு, அதே குறி, அதே கான்.

எல்லாரும் முதல் தடவையாக என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெட்கத்தில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பொக்கற்றுக்குள் விட்டேன்.

அந்த நேரம் இரத்தினேஸ்வரியின் தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சேர், புதுப் பணிப்பாளர் திங்கக்கிழமை கடமையேற்கிறாராம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திங்கட்கிழமை காலை பூமாலையோடு வாசலில் முதல் ஆளாக நின்றேன். புதியவர் நீட்டியது இடக்கை. அதைப் பிடித்துப் பெருவிரலைத் தடவிப் பார்த்தேன். எனக்கு எந்த வகையிலும் பொருந்தாத கை. "சேரை வரவேற்கிறதில பெரிய சந்தோஷம்" என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் மனமாரச் சொன்ன வரவேற்பு அதுதான்.

பின்னால் கைதட்டல் எழுந்தது. திட்டமிடல் பிரிவு, கணக்குப் பிரிவு, களப் பிரிவு, வாகனச் சாரதிகள் என்று எல்லாரும் கண் கலங்கத் தட்டிக்கொண்டு நின்றார்கள். பணிப்பாளர் இல்லாத அந்தக் கொஞ்ச நாளும் அவர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.