தலைகுனிந்த பூவும் வெல்மாவின் வாயும்

ஓஹையோ,
மார்ச் மாதம், இன்னும் பனிதான்.

அன்புள்ள மார்ஜரி அக்காவுக்கு,

தம்பி எல்வுட் எழுதிக்கொண்டது. இங்கே நான், நெட்டி, நாய் மூவரும் நலம். அரிசோனாவில் உன் மூட்டுவலியும் கள்ளிச்செடிகளும் எப்படி இருக்கின்றன? நான் உயிரோடுதான் இருக்கிறேன். உனக்கு வேறுவிதமாகத் தகவல் வந்திருக்கலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டச் சங்கத்தின் 'முதல் பூ' புகைப்படக் கோப்பையை வருஷா வருஷம் பக்கத்து வீட்டு வெல்மாவே தூக்கிக்கொண்டு போவது உனக்குத் தெரியும். இந்தத் தடவை விடுவதில்லை என்று, பனியிலேயே பூக்கும் என் ஹெல்லெபோர் செடியைக் குளிர்காலம் முழுக்கக் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். கருகிய பழைய இலைகளை விரல் விறைக்க விறைக்க வெட்டி எடுத்தால், உள்ளே ஒரே ஒரு பூ! ஆனால் அந்தப் பூ, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேதான் நிற்கும். அடியில் ஒரு கண்ணாடியை வைத்து, அதற்குள் தெரியும் முகத்தைத்தான் படமெடுக்க வேண்டும். ஆகவே நெட்டியின் கைக்கண்ணாடியை (கேட்காமல்தான்) எடுத்துக்கொண்டு, இரவு உடுப்போடு பனிச்சேற்றில் குப்புறப் படுத்து, கேமராவைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, காற்று நிற்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

தலைக்கு மேலே கேட்டது பார் ஓர் அலறல்!

"ஐயையோ நெட்டி, ஓடி வாடி! உன் வீட்டுக்காரர் போயிட்டாரு!"

வெல்மாதான். நான் பதறியதில் விரல் பொத்தானை அமுக்க, கேமரா எங்கோ பறந்தது. கால் மரத்துப்போய் எழுந்திருக்கவும் முடியவில்லை. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து, பூட்ஸ் போட்ட இரண்டு தடியன்கள் நேராகப் பாத்திக்குள் இறங்கிவிட்டான்கள்.

"டேய், பூவு! பூவை மிதிக்காதீங்கடா!"

"பெரியவர் என்னமோ உளர்றாரு, சீக்கிரம் தூக்கு!"

அக்கா, என் கண்ணெதிரே மிதித்தான். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அதையும் அவன்கள் இதயத்துடிப்புக் கருவியில் பார்த்துத் தலையை ஆட்டினான்கள். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்ப, வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் என்ன இருக்கிறது தெரியுமா? நம் ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவோமே, டின் மீனும் நூடுல்சும் போட்டுச் சுட்ட அதே பதார்த்தம்! பக்கத்தில் வெல்மா.

"நான் சாகலை வெல்மா!"

"அதனால என்ன எல்வுட், சூடா இருக்கு, சாப்பிடுங்க."

பூவும் போச்சு, கேமராவையும் காணோம், கோப்பையும் மறுபடி அவளுக்குத்தான். எல்லாம் திட்டம் போட்டே செய்திருக்கிறாள். இனி ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்கமாட்டேன், இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசமுள்ள தம்பி,
எல்வுட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சங்கத்திலிருந்து ஆள் வந்தார். கோப்பை எனக்காம்! கேமராவைப் பனியிலிருந்து பொறுக்கி, கடைசிப் படத்தை என் பெயரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது வெல்மாதானாம். கண்ணாடிக்குள் பூ ஓர் ஓரமாக இருக்கிறது. நடுவில் வெல்மா, வாயைப் பிளந்தபடி. "என்ன உணர்ச்சி!" என்றார்களாம் நடுவர்கள். பூவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டி அதை என் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டாள். நாளைக் காலையில் நான் யார் முகத்தில் விழிக்கப்போகிறேன் என்று நீயே சொல்.