மூன்று வருஷமாக ஓடிய கேஸ்

எனக்குச் சத்தமாகப் பேசும் வியாதி உண்டு. போனை எடுத்தால் அது முற்றிவிடும். (இதை ஒத்துக்கொள்ள என் கணவர் ஒருநாளும் தயங்கியதில்லை.)

அப்போது நான் பிஎச்.டி. மாணவி. இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ஏகப்பட்ட வோல்டேஜ் கொடுத்தால் காற்றே மின்சாரத்தைக் கடத்தி ஒளிரும். அதற்குப் பிளாஸ்மா என்று பேர். நிஜத்தில் செய்துபார்க்கக் கருவி இல்லாததால், காற்றோட்டத்தைக் கணக்குப் போடும் இலவச மென்பொருள் ஒன்றில் நாலு சமன்பாட்டைச் சேர்த்து, மோகனூர் வீட்டு லேப்டாப்பில் மின்னல் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த மென்பொருளில் ஒவ்வொரு கணக்குக்கும் பெயர் 'கேஸ்'. எண்கள் தறிகெட்டு ஏறிக் கணக்கு நின்றுபோனால், கேஸ் வெடித்துவிட்டது என்போம். வாரத்துக்கு நாலு வெடிக்கும்.

'பொண்ணு இன்னுமா படிக்குது' என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் குடும்பம். மாப்பிள்ளை போனிலேயே, படிப்பை முடிக்கட்டும் என்று சொல்லியிருந்தார். இந்த இடத்தை விட எனக்கு மனசே இல்லை. ஆனாலும் அவர்கள் பெண் பார்க்க வந்து கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் உள்ளறையில் பட்டுப்புடவையோடு லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். சரியாக அப்போது, என்னோடு ஆராய்ச்சி செய்யும் அம்மாபேட்டைத் தோழியிடமிருந்து போன்.

"கேஸ் வெடிச்சிருச்சுடி," என்றேன். "முனையிலயே பத்திக்கிச்சு."

கூடத்தில் நாற்காலிகள் சாயும் சத்தம். அம்மா ரெகுலேட்டரை மூட ஓடினாள். மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரோடு வெறுங்காலில் தெருவுக்கே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சிலிண்டர் இல்லைங்க மாமா. இது நான் மூணு வருஷமா நடத்துற கேஸ்."

(மாமா என்று கூப்பிட அப்போது எனக்கு எந்த உரிமையும் இல்லை.) அவர் முகம் தெளியவில்லை, இன்னும் இருண்டது.

"எந்தக் கோர்ட்டுலங்க சாமி?"

என் படிப்பு என்னவென்றே தெரியாத அப்பா, என்னைக் காப்பாற்ற முன்வந்தார். "இன்னும் ஆறு மாசத்துல தீர்ப்பாயிருமுங்க."

முடிந்தது கதை என்று நினைத்தேன். மாப்பிள்ளைதான் அந்தக் கேஸைக் காட்டச் சொன்னார். லேப்டாப்பைத் தூக்கிவந்தேன். திரையில் சிவப்பாகத் தெறித்து நின்ற முனையைக் குனிந்து பார்த்தார்.

"இது வெல்டிங் ராடு நுனியில வார ஆர்க்குதானுங்களே? எடுத்த எடுப்புலயே கரண்ட்டை ஏத்துனா இப்படித்தான் தெறிக்கும். சன்னமா ஏத்திப் பாருங்க."

வோல்டேஜை ஒரே அடியில் ஏற்றித்தான் வைத்திருந்தேன். மூன்று வருஷம் படித்த மூளைக்கு அது தோன்றவில்லை. படிப்படியாக ஏற்றினேன். கேஸ் ஓடியது, வெடிக்கவில்லை. மாமா திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொரு காபி கேட்டார். அப்பாடா என்றிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அதே அப்பாடாதான்.

கல்யாணமாகிப் பட்டமும் வாங்கினேன். மாமா பட்டறை முழுக்க லட்டு கொடுத்து, "எங்க மருமவ கேஸுல ஜெயிச்சிருச்சுங்க," என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்றேதான்.

இன்றும் நாமக்கல் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், யாராவது ஒரு பெரியவர் என் காதருகே வந்து மெதுவாகக் கேட்கிறார்.

"ஏஞ்சாமி, மொத்தம் எத்தன ஏக்கரா வந்துச்சு?"