காஞ்சனா செய்த டூல் ஹோல்டரும் மணவூர் சம்பந்தமும்

திருத்தணி
15-6-1979

மரியாதைக்குரிய பாவா கோதண்டபாணி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் துளசிங்கம் கைகூப்பி எழுதிக்கொண்டது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கும் சுகம் என்று எழுத ஆசை, பேனா மறுக்கிறது.

தாங்கள் பார்த்த மணவூர் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாகத்தானே பேச்சு? புதன்கிழமையே வந்து நின்றார்கள். "பொண்ணு லேத் ஓட்டுதுன்னு மூச்சு வுடாதே" என்று தாங்கள் எச்சரித்தும் என்ன பயன்? எங்கள் லேத் கொட்டகையில் தறிச் சாமான் கடைந்துகொண்டிருந்த டர்னர் வேலையை விட்டுப் போனதிலிருந்து எங்கள் காஞ்சனாதான் லேத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அன்றைக்கென்று இரும்பைச் சீவுகிற டூலைப் பிடிக்கிற ஹோல்டர் உடைந்துபோக, "பட்டணம் போய் வாங்கியாறேன்" என்றேன். "வேணாம் நைனா, நானே பண்ணிக்கிறேன்" என்று ஓர் இரும்புக் கட்டையை அறுத்து, டூல் உட்கார அரத்தால் பள்ளம் ராவி, மேலே இரண்டு துளை போட்டு, மரை வெட்டி, திருகை முடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளையின் அம்மா தாயம்மாள் கொட்டகைக்குள் நிற்கிறார்! பெண்ணின் கையெல்லாம் மசி, தலையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் தூள்.

பயத்தில் என் வாய் பொய் சொல்லிவிட்டது, பாவா. "நான்தாங்க செஞ்சிகினு இருந்தேன், பாப்பா காப்பி எட்டாந்துச்சி" என்றேன். தாயம்மாள் காப்பி எங்கே என்று தேடினார். மாப்பிள்ளை பரந்தாமன் ஒரு டர்னர் என்பதைத் தாங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை? அம்மாவோடு வந்திருந்த அவர் ஹோல்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டூல் முனை, சுத்துற கட்டையோட சென்டருக்கு நேரா வர்றதுக்கு இன்னா பண்ணீங்க?" என்றார். எனக்கென்ன தெரியும்? "முருகன் வுட்ட வழிங்க" என்றேன். "அய்யோ நைனா! டூலுக்கு அடியில தகடு வெச்சி ஏத்தணும்!" என்று காஞ்சனா கத்திவிட்டாள். தாயம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. தாங்கள் உடனே மணவூர் போய், லேத் எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூட எங்கள் பெண்ணுக்குத் தெரியாது என்று அந்த அம்மாள் காலில் விழுந்தாவது சொல்ல வேண்டும். நான் லேத்தை இன்றே விற்றுவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குத் தணிகைமலையான் துணை.

இப்படிக்கு,
துளசிங்கம்

பி.கு.: பாவா, மணவூர் போய்விடாதீர்கள்! உறையை ஒட்டும்போதே அவர்கள் தட்டும் பூவுமாக வந்துவிட்டார்கள். "கையில தொழில் இருக்கிற பொண்ணு, எங்களுக்கு முழு சம்மதங்க" என்கிறார் தாயம்மாள். சம்மதம் சொல்லாதவள் காஞ்சனா ஒருத்திதான். மாப்பிள்ளையிடம் ஓர் இரும்புக் கட்டையையும் அரத்தையும் கொடுத்து, "நீங்க ஒண்ணு பண்ணிக் காட்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்றுவிட்டாள். பத்து மணியிலிருந்து ராவிக்கொண்டிருக்கிறார். பள்ளம் இரண்டு தடவை கோணிவிட்டது. மாப்பிள்ளை பாஸாக வேண்டுமே என்று வேண்டிக்கொள்ள நான் மலைக்குக் கிளம்பிவிட்டேன்.