எனக்கு நெஞ்சு வலித்த கதை

பொய் சொல்லித்தான் என் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை, பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. எங்கள் வீட்டில் உண்மை செல்லுபடியாவதில்லை.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். ஊரார் பிழைகள் எல்லாம் என் சிவப்புப் பென்சிலைக் கண்டால் நடுங்கும். என் மனைவி நடுங்க மாட்டாள்.

ஒரு வாரத்துக்கு முன் ஒரு துண்டுப் பிரசுரம் பிழை திருத்த வந்தது. 'நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள், வலியோ கட்டியோ இல்லாவிட்டாலும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாமோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. கைக்குத் தட்டுப்படாததும் படத்தில் தெரியலாம். சீக்கிரம் தெரிந்தால் குணப்படுத்துவது சுலபம்.' சந்திப் பிழை தேடப் போனவன், முதல் வரிக்கே கோடு மேல் கோடாகப் போட்டேன். இவளுக்கு நாற்பத்தெட்டு. ஒரு தடவைகூட எடுத்ததில்லை. புரூஃபை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

"நீ மாமோகிராம் எடுத்துக்கணும்."

"என்ன கிராம்?"

"மாமோகிராம்."

"என்னை எடை போடணும்னா கிலோவுல போடுங்க. கிராமெல்லாம் கட்டுப்படியாகாது."

"எடை இல்லடி, எக்ஸ்ரே மாதிரி. மார்பை ரெண்டு தட்டுக்கு நடுவுல வெச்சு அழுத்தி..."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ஒரு பக்கம், உங்கம்மா ஒரு பக்கம் அழுத்திக்கிட்டுத்தானே இருக்கீங்க? அது போதும்."

"சில நிமிஷம்தான். கொஞ்சம் அசௌகரியமா இருக்கும், அவ்வளவுதான்."

"உங்களைக் கட்டிக்கச் சொன்னப்ப எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு."

"விளையாடாத. வலி வந்தப்புறம் போறதுக்குப் பேரு வைத்தியம். வராதப்பவே போறதுதான் பரிசோதனை."

"வராத வலிக்கு வரவேற்புப் பந்தலா? போய் வேலையைப் பாருங்க."

வேலையைப் பார்க்கத்தான் போனேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த வரிதான் தெரிந்தது. இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். சண்டை போடக்கூட ஆள் இல்லாத வீடு. பயந்துவிட்டேன், வேறென்ன சொல்ல?

அதனால்தான் இந்தத் திட்டம். ஆபீஸிலிருந்து பரிசோதனை நிலையத்துக்குப் போன் போட்டேன். இவள் பெயரில் மறுநாள் பத்து மணிக்கு நேரம் வாங்கினேன். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் துணைக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்த இடத்தில், "வந்தது வந்தோம், நீயும் ஒண்ணு எடுத்துக்கயேன்" என்று கோழியை அமுக்குவதுபோல அமுக்கிவிடலாம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க ஆச்சு?"

"நெஞ்சு வலி."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"கை வலது பக்கம் இருக்கே?"

"வலி பரவுதுடி!"

"ஐயையோ, உடனே டாக்டர்கிட்ட போலாம்."

"அவ்வளவு அவசரமா பரவலை. நாளைக்குப் பத்து மணிக்கு நேரம் வாங்கிட்டேன். நீயும் வரணும்."

"வராம?" என்றாள். கண்ணில் ஒரு மினுக்கல். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் அடுத்த சோதனை. மாமோகிராம் எடுக்கும் நாளில் பவுடர், சென்ட் எதுவும் பூசக் கூடாது, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பிரசுரத்தில் படித்திருந்தேன். இவளோ கண்ணாடி முன்னால் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் பவுடர் வேண்டாமே!"

"நெஞ்சு வலி உங்களுக்கு. பவுடர் எனக்கு. நடுவுல என்ன சம்பந்தம்?"

"அது... வாசனை பட்டா எனக்கு வலி அதிகமாகுது."

"அப்படியா? மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்க."

கழுத்து, தோள், அக்குள் என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை.

நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கைக்குட்டையை ஈரம் செய்து நீட்டினேன். "கழுத்தைக் கொஞ்சம் துடைச்சுக்கயேன், வேர்க்குது."

"எனக்கு வேர்க்கலை. உங்களுக்குத்தான் ஊத்துது."

அப்போது நர்ஸ் வந்தார். இவளைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கம்மா! போன வாரம்தானே எடுத்தீங்க? நேத்து யாரோ ஒருத்தர் உங்க பேர்ல மறுபடி நேரம் கேட்டாராமே, குரலெல்லாம் நடுங்கிச்சாம்!"

எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடைத்தது.

"நீ... எடுத்துட்டியா?"

"உங்க புரூஃபை மேசை மேல விட்டுட்டுப் போனீங்க. நீங்க தப்புக்குத்தானே சிவப்புக் கோடு போடுவீங்க? 'நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள்'ங்கற இடத்துல மூணு கோடு. என்ன தப்புன்னு எழுத்தெழுத்தாப் படிச்சேன். ஒரு பிழையும் இல்லை. அப்புறம்தான் புரிஞ்சது, தப்பு என்கிட்டன்னு. எதிர் வீட்டு டீச்சரைக் கூட்டிக்கிட்டு மறுநாளே வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கூப்பிட்டாங்க. ஒரு படம் தெளிவா விழலையாம். நிறையப் பேரைக் கூப்பிடறதுதானாம், கூப்பிட்டாலே வியாதின்னு இல்லையாம். இருந்தாலும் பயந்துதான் போனேன். சனிக்கிழமைதான் ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க."

அந்த நாட்களில் இவள் எனக்கு டிபன் கட்டினாள், வம்பிழுத்தாள், சிரித்தாள். ஒற்றெழுத்து விட்டுப்போனாலே கண்டுபிடிக்கிறவன், எதையும் கண்டுபிடிக்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

"என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"சொன்னா என்னைத் தேத்திக்கறதா, உங்களைத் தேத்தறதா? ரெண்டு பேரைத் தேத்த எனக்குத் தெம்பில்லை." கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சேர்ந்தே வரலாம்."

"நெஞ்சு முழுக்க நீதாண்டி இருக்கே. அதான் பயந்துட்டேன்."

"தெரியும். ஆமா, அந்த நெஞ்சு வலி நிஜமா, பொய்யா?"

பொய் என்றால் மானம் போகும். "நிஜம்தான்" என்றேன், வீறாப்பாக.

"நல்லதாப் போச்சு. நேத்தே போன் போட்டு உங்களுக்கும் நேரம் வாங்கி வெச்சிருக்கேன். சிஸ்டர், இவரைக் கூட்டிட்டுப் போங்க!"

குத்தினார்கள். ஒட்டினார்கள். ஓடும் பட்டையில் ஏற்றி, ஓடு ஓடு என்று ஓட விட்டார்கள். நுரை தள்ள வெளியே வந்தபோது, இவள் என் ரிப்போர்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு முழுக்க நான்தான்னு சொன்னீங்க? இதுல ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கே!"