வாய்க்குள் முன்னூறு கோடி விருந்தாளிகள்

மனிதருள் அண்மையில் ஓர் இனம் தோன்றியிருக்கிறது: நற்கிருமி வளர்ப்போர். நாய் வளர்ப்போரைச் சங்கிலியாலும் மீன் வளர்ப்போரைக் கண்ணாடித் தொட்டியாலும் அறியலாம். இவர்களை எவ்வாறு அறிவது? கவலை வேண்டா, அவர்களே வாயைத் திறந்து காட்டுவார்கள்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் சவுந்தரநாயகம் இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி. மின்தூக்கியில் நீங்கள் நலம் விசாரித்தால் ஒரு விரலை உயர்த்துவார். பேசக்கூடாதாம், கனடாவிலிருந்து மகன் அனுப்பிய குளிசை நாக்கில் கரைந்துகொண்டிருக்கிறது, அதிலுள்ள முன்னூறு கோடிக் கிருமிகள் அக்கணத்தில்தான் பல்லுக்குப் பல் குடியேறுகின்றன. அவை வெந்துவிடக்கூடாதென்று தேநீரை ஆறவைத்து, அவற்றுக்கு மூச்சுத் திணறுமென்று வாய்கொப்பளிக்கும் மருந்தை அயல்வீட்டுக்குத் தானம் செய்து, அவற்றின் உறக்கம் கலையுமென்று இரவில் பல் துலக்குவதையும் நிறுத்தி, கொழும்பின் காலி வீதியில் எதிர்ப்படுவோரையெல்லாம் மறித்து ஒரே கேள்வி கேட்பார்:

"உங்கட வாயில எத்தனை கோடி?"

எனக்குப் பற்களே பதினொன்றுதான்.

இத்தனை ஏற்பாடும் ஒரேயொரு பல்லுக்காக. இடப்பக்கம் ஏற்கெனவே வெறும் மைதானம். வலப்பக்கத்தில் எஞ்சியிருந்த அந்தக் கடைவாய்ப் பல்லை நம்பித்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு இருந்தது. மாசியில் அது கூசத் தொடங்கியது. பல் வைத்தியர் றுஷ்னாவின் குறட்டுக்கு அஞ்சி, அவர் கிருமிகளிடம் சரணடைந்தார்.

குளிசை போதாதென்று எருமைத் தயிரும் சேர்ந்தது. காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம். ஆனால், கொழும்பில் எருமைத் தயிரை வெறுமையாக யாராவது உண்பார்களா? எதிரிக்குக்கூட அப்படிக் கொடுக்கமாட்டோம். மருந்தானாலும் முறை முறைதானே? தேன்போல் இனிக்கும் கித்துள் பனைப் பாணியைத் தாராளமாக ஊற்றினார்.

வைகாசியில் கன்னம் பணியாரம்போல் உப்பியது. மனைவி றஞ்சிதம் அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பம்பலப்பிட்டியிலுள்ள றுஷ்னாவிடமே கொண்டுசென்றார். துணைக்கு நானும் போனேன். இக்காட்சியை யார் தவறவிடுவார்?

"அங்கிள், பெரிசா தொறங்க… யா அல்லாஹ்! பல்லு வெளக்குறல்லையா?" என்றார் றுஷ்னா.

"பார்த்துக் கை வையுங்கோ, பிள்ளை. உள்ளுக்கு நல்ல கிருமியள் குடியிருக்கு."

"நல்லது இரிக்கட்டும். வெளக்காட்டி கெட்டதும் இரிக்கும்தானே? என்ன சாப்பாடு போடுறீங்க அதுகளுக்கு?"

"தயிர்தான்."

றஞ்சிதம் பொறுக்கவில்லை. "தயிரோ? கிழமைக்கு ரெண்டு போத்தல் பாணி, பிள்ளை! ஒளிச்சு வைச்சாலும் மணந்து பிடிக்கிறார்."

றுஷ்னா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கண்ணாடி நடுங்கியது. "அப்ப கெட்டதுகளுக்குத்தான் அங்கிள் நாலு மாசமா கலியாணச் சாப்பாடு போட்டிரிக்கீங்க!"

பல் வெளியே வந்தது. தட்டில் கிடந்த அதைச் சவுந்தரநாயகம் நெடுநேரம் பார்த்தார். பிறகு, பஞ்சைக் கடித்தபடியே கேட்டார்: "இதில இருந்த என்ர ஆக்கள் இனி எங்க போவினம்?"

இப்போது இரு வேளையும் பல் துலக்குகிறார். ஞாயிறுதோறும் றஞ்சிதம் எதிரே அமர்ந்து எலும்பைக் கடிக்க, அவர் குழம்பை மட்டும் உறிஞ்சுகிறார்.

சிரிக்கிறீர்களா? நன்று. ஆனால், சற்று நேரமாக உங்கள் நாக்கு எந்தக் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டிருக்கிறது? அந்தக் குளிசையின் பெயரை யாரிடம் கேட்கலாமென்றும் யோசித்தீர்கள் அல்லவா? கேளுங்கள், தவறில்லை. அதற்குமுன் எழுந்துபோய், தயிர்ச் சட்டிக்கு அருகில் நிற்கும் பாணிப் போத்தலை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

எவ்வளவு மிச்சம்?