காற்று இறக்கிய கம்பிகள்

கிற்றாரின் ஆறு கம்பிகளும் மறுபடியும் இறங்கிப் போயிருந்தன.

காலிதீன் கட்டிலில் அமர்ந்து, சுருதிக் குழலை ஊதி, முதற் கம்பியைத் தட்டிப் பார்த்தான். குழல் ஒன்று சொன்னது, கம்பி வேறொன்று சொன்னது. நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் இதே இடத்தில் இருந்து, இதே குழலை ஊதி, ஆறையும் முறுக்கிச் சரிசெய்தவன் அவன்தான். முந்தாநாளும் அவன்தான்.

"திரும்பவுமா?" தேநீரோடு வந்த அவன் மனைவி ஹாஜறா கேட்டாள்.

"திரும்பவுந்தான்."

"கொஞ்சம் எறங்கினா என்னங்க? அப்பிடியே வாசிச்சிட்டுப் போங்களன்."

"அப்பிடி வாசிக்கப்படா புள்ள. ஒரு சாமான் எண்டா அதுக்கொரு அளவு இரிக்கி."

அளவு என்ற சொல்லைக் காலிதீன் இலேசாகப் பாவிக்கிறவன் அல்ல. நீர்ப்பாசன அலுவலகத்தில் வாய்க்கால்களின் நீர்மட்டத்தைக் குறித்து வைப்பது அவன் உத்தியோகம். அரை அங்குலம் கூடினாலும் அவனுக்கு நித்திரை வராது.

வரிப்பத்தான்சேனையிலிருந்து அவன் கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்து ஆறு மாதமாகிறது. ஊர் வழக்கப்படி பெண் வீட்டில்தான் குடித்தனம். வரும்போது ஒரு பெட்டி, ஒரு தொழுகைப் பாய், ஒரு சைக்கிள், இந்தக் கிற்றார் ஆகியவற்றோடு வந்தான். முதல் மூன்றையும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கிற்றாரை மட்டும் மாமனார் மீராமுகைதீன் மரைக்கார் நெடுநேரம் பார்த்தார். இளமையில் கல்லோயாத் திட்டத்தில் லொறி ஓட்டியவர், இப்போது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவர் சிரித்து யாரும் கண்டதில்லை.

"சாமான் பெரிய சாமானாத்தான் இரிக்கி," என்றார். பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மருமகனோடு அவர் பேசியது மிகச் சொற்பம். அந்தியில் காலிதீன் யன்னலைச் சாத்திவிட்டு வாசிக்கத் தொடங்கினால், மரைக்கார் இரண்டு தரம் இருமுவார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார்.

காலிதீனுக்கு இது பெரிய துக்கம். சிறு வயதிலேயே வாப்பாவை இழந்தவன் அவன். இந்த வீட்டிலாவது ஒருவர் தன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி நாலு வார்த்தை கதைக்க மாட்டாரா என்று ஆசைப்பட்டவன். பலமுறை யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: மாமாவுக்குக் கிற்றாரில் வெறுப்பில்லை, பிசகிய சுருதியில்தான் வெறுப்பு. கிற்றார் ஒழுங்காக நின்றுவிட்டால் மாமாவின் மனமும் ஒழுங்காகிவிடும்.

ஆகவே மறுநாள் அலுவலகத்தில், படம் வரைகிற பகுதியில் இருந்த கிறகரியிடம் போனான். கிறகரி கிறிஸ்தவக் கோயிலில் பாடற் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவர். அந்த வட்டாரத்தில் அதைப்பற்றிக் கேட்க வேறு ஆள் கிடையாது.

"கிறகரி அண்ணன், ஒரு கிற்றார எத்தின நாளைக்கு ஒருக்காச் சரிபாக்கிற?"

"முழுசாக் கழட்டிப் பாக்கிறதெண்டா வருசத்துக்கு ரெண்டு தரம். மாரி தொடங்க முந்தி ஒண்டு, கச்சான் காத்துக்கு முந்தி ஒண்டு. சும்மா முறுக்கிறது வாசிக்கக்குள்ள வேண்டிய அளவுக்கு."

"நான் ஒவ்வொரு நாளும் முறுக்கிறன். ஒவ்வொரு நாளும் எறங்குது."

கிறகரி பென்சிலைக் கீழே வைத்தார். "கொஞ்சமா?"

"ஆறும் அரைச் சுருதி. ஒரே அளவா."

"ஒரே அளவாவா?" கிறகரி முகவாயைத் தடவினார். "உங்கட ஊடு கடலுக்குக் கிட்டத்தானே?"

"ஓம்."

"போன வருசப் புயலுக்கு முன்னுக்கு நிண்ட தென்னையெல்லாம் விழுந்திருக்குமே?"

"ஒரு மரம் மிச்சமில்ல."

"அதுதான் விசயம். மறிக்க ஒண்டுமில்லாம உப்புக் காத்து நேரா வருது. கிற்றாரக் காத்துப் படாத இடத்தில வைங்க. கம்பியையும் கொஞ்சம் உயர்த்திப் பாருங்க. கீழ இருக்கிற எலும்புக்கு அடியில ஒரு சின்ன மட்டையை வெச்சாச் சரி."

அன்று மாலையே காலிதீன் நெருப்புப் பெட்டி மட்டையை அளந்து வெட்டி, கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டுக்கு அடியில் செருகினான். கம்பிகள் எழுந்து நின்றன. அழுத்தியபோது விரல் நுனி கன்றியது. ஆனாலும் ஓசை கணீரென்று இருந்தது. கிற்றாரைத் தான் உடுக்கும் சாரம் ஒன்றில் சுற்றி, நெல் மூட்டைகள் இருந்த அறையில் வைத்தான்.

மறுநாள் வந்து பார்த்தான். சாரம் சுற்றியபடி இருந்தது. கம்பிகள் அரைச் சுருதி இறங்கியிருந்தன. மட்டையைக் காணவில்லை.

கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினான். ஒன்றும் விழவில்லை.

"ஹாஜறா! இதுக்குள்ளால ஒரு மட்டைத் துண்டு விழுந்து கிடந்துதா?"

ஹாஜறா முந்தானையைச் சரிசெய்தாள். "குப்ப கூட்டக்குள்ள ஏதாவது போயிரிக்கும்."

அறைக் கதவின் திரைக்கு அப்பால் வளையல் குலுங்கியது. மாமி சல்மா உம்மா மருமகனின் முன்னால் வருவதில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வாள்.

"ஹாஜறா, தம்பிக்கிட்டச் சொல்லு. கம்பியக் கொஞ்சம் பணிச்சி வெச்சா வெரலுக்கு நோகாதாம்."

காலிதீனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. தன் விரலை நினைத்து இந்த வீட்டில் ஒரு சீவன் கவலைப்படுகிறது.

"நோவெல்லாம் நான் தாங்குவன் எண்டு மாமிக்கிட்டச் சொல்லு," என்றான்.

திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

அடுத்து இரண்டு மட்டைகளைச் செருகினான். இரண்டும் போயின. பிறகு தச்சனிடம் ஒரு மெல்லிய பலகைச் சீவல் வாங்கிச் செருகினான். அது காணாமற் போகவில்லை. ஆனால் கழற்றி, யன்னல் விளிம்பில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. காற்றுக்கு இவ்வளவு ஒழுக்கமா என்று அவனுக்கே ஒரு கணம் ஐயம் தோன்றியது. ஆயினும் படித்த மனிதன் ஒருவன் சந்தேகப்பட வேறு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கிற்றாரைத் தொடாமல் அப்படியே சைக்கிளில் கட்டிக் கிறகரி வீட்டுக்குக் கொண்டுபோனான். கிறகரி மடியில் வைத்து, விரல்களை ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

"காலிதீன், இது நல்லாத்தானே இருக்கு! கம்பி பூ மாதிரிக் கிடக்கு. ஆர் இத இப்பிடி வெச்சது?"

"ஆரும் வெக்கல்ல. காத்து."

"காத்தா?"

"உப்புக் காத்து. நீங்கதானே சொன்ன."

கிறகரி கிற்றாரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அது நல்ல காத்துத்தான். இப்பிடியே விடுங்க."

காலிதீன் விடவில்லை. மனிதன் வைத்த அளவைக் காற்று மாற்றுவது, மாறியது நல்லதாக இருந்தாலும், கொள்கையளவில் ஏற்கத்தக்கதல்ல. வரும் வழியில் கல்முனைச் சந்தையில் ஒரு பூட்டு வாங்கினான். வீட்டில் பழைய பெரிய பெட்டகம் ஒன்று சும்மா கிடந்தது. கம்பிகளைத் திரும்ப ஏற்றி, சீவலைச் செருகி, கிற்றாரை உள்ளே வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திங்கள் மாலை திறந்து பார்த்தான். வைத்தது வைத்தபடி. செவ்வாயும் அப்படியே. குழல் சொன்னதைக் கம்பி சொன்னது. காலிதீன் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றான்.

ஆனால் வீடு பிசகத் தொடங்கியது.

செவ்வாய் பகல் மரைக்கார் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாராம். புதன்கிழமை பள்ளிவாசலில் தண்ணீர்த் தொட்டி விசயமாக ஒருவரோடு சண்டை பிடித்தாராம். மாமி திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இஞ்சாருங்க," ஹாஜறா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அந்தப் பெட்டகத்தக் கொஞ்சம் தொறந்து வெச்சா என்ன? காத்துப் போக."

"காத்துப் போகப்படா எண்டுதானே பூட்டின!"

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாழன் காலை, அவன் சைக்கிளை எடுக்கும்போது மரைக்கார் முற்றத்தில் குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி."

"மாமா!" காலிதீனின் கை பிடியிலிருந்து வழுகியது.

"அந்தச் சாமான எத்தின நாளைக்கு ஒருக்கா முறுக்கிற?"

"முந்தி ஒவ்வொரு நாளும் மாமா. இப்ப தேவல்ல. பூட்டி வெச்சிரிக்கன்."

"பூட்டித்தான் வெப்பீங்களோ?"

"ஓம் மாமா. இனி எப்பவும்."

மரைக்கார் வானத்தைப் பார்த்தார். "நல்லது," என்றார். அந்தச் சொல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. தொழுகைக்கு நேரமாகாத வேளையில் பள்ளிவாசலை நோக்கி நடந்தார்.

காலிதீன் அன்று முழுவதும் வேலை செய்யவில்லை. ஆழமாக யோசித்தான். கிற்றாரைப் பூட்டி வைத்தும் மாமாவின் மனம் ஆறவில்லை. அப்படியென்றால் வெறுப்பு சுருதியில் இல்லை. அந்தச் சாமான் வீட்டுக்குள் இருப்பதில்தான் வெறுப்பு. ஒரு மரக்கட்டையா, ஒரு வாப்பாவா? கேள்வி அவ்வளவுதான். மாலை நாலு மணிக்கு எழுந்து கிறகரியிடம் போனான்.

"அண்ணன், கிற்றார உங்கட கோயில் புள்ளையளுக்குக் குடுக்கிறன். சனிக்கிழமை வந்து எடுங்க."

"என்ன கதை இது? உங்களுக்குச் சீவனாச்சே அது!"

"எங்கட மாமாவுக்காக."

சனிக்கிழமை பின்னேரம் கிறகரி வந்தார். தேநீரும் தொதலும் வைக்கப்பட்டன. காலிதீன் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். பெட்டகத்தைத் திறந்து, கிற்றாரைத் துடைத்து, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். மரைக்கார் தூணைப் பிடித்தபடி நின்றார். திரை அசைந்தது. பக்கத்து வீட்டு நாச்சியா, இரவல் வாங்கிய மா அரிக்கும் அரிதட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வேலியோரம் நின்றுவிட்டாள்.

"மாமா," என்றான் காலிதீன். "ஆறு மாசமா இந்தச் சாமானால உங்கட மனசு நொந்த. எனக்குத் தெரியும். நீங்க பெரிய மனிசன், வாய் தொறந்து ஒண்டும் சொல்லல்ல. இனி இது இந்த ஊட்டுல இரிக்காது. உங்களுக்காகத்தான் குடுக்கிறன்."

கிறகரி கிற்றாரை வாங்கிச் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டத் தொடங்கினார். கயிறு இறுக இறுக, மரைக்காரின் கண்கள் அதையே பின்தொடர்ந்தன. கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது.

"நல்ல புள்ள தம்பி நீங்க," என்றார் உடைந்த குரலில். ஆறு மாதத்தில் முதல் தடவையாக, தன் கையைத் தூக்கி மருமகனின் தோளில் வைத்தார்.

இந்த ஒரு கைக்காக இன்னும் நாலு கிற்றாரைக் கொடுக்கலாம் போல இருந்தது காலிதீனுக்கு. சைக்கிள் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

வேலியோரம் நின்ற நாச்சியா, அரிதட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரைப் பக்கமாகக் கழுத்தை நீட்டிக் கேட்டாள்:

"அப்ப சல்மா ராத்தா, இனி பகல்ல லுஹர் தொழுதிட்டு வந்து மரைக்கார் என்னத்த வாசிக்கிற?"