‘அப்படியா’ சாரும் சுனிதாவின் கட்டுரையும்

இந்தியாவிலேயே, தன் மாணவர்களை ஒரு கட்டுரைப் போட்டியிலும் ஜெயிக்கவிடாத ஒரே இங்கிலீஷ் வாத்தியார் எங்கள் ‘அப்படியா’ சார்தான்.

தொண்ணூறுகளில் மராட்டியத் தொழிற்பேட்டை ஊரான கசார்வாடியில், அவர் இருந்த பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ‘வாருங்கள், மரம் நடுவோம், நாட்டைக் காப்போம்’ என்று பிள்ளைகள் எழுதினால், சார் ஓரத்தில் சிவப்பு மையில் ‘அப்படியா?’ என்று கேட்டுவைப்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. திருநெல்வேலிக்காரர். பள்ளியில் வேறு தமிழர் இல்லாததால் புலம்பல் முழுக்க என்னிடம்தான்.

“பாத்தீராவே, பத்து வயசுப் பய ஊரையே கூப்பிடுதான். நீ என்னடா நெனைக்கேன்னு கேட்டா முழிக்கான். அடுத்தவன இழுக்கதுக்கு முன்னால தான் எங்க நிக்கோம்னு தெரியாண்டாமா?”

‘நாம் எல்லோரும்’ என்று எழுதினால் அரை மார்க் போச்சு. பாதி வகுப்பு வெறும் தாளைக் கொடுத்தது. “இது தேவல, பொய் இல்ல” என்று சந்தோஷப்பட்டார். ஒரு தகப்பனார் வந்து இந்தியில் கையெடுத்துக் கும்பிட்டார்: “என் பையனுக்குக் கருத்தெல்லாம் வேண்டாம் சார், மார்க் போதும்.”

ஆண்டு விழாக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு, ‘தொழிலே நாட்டின் உயிர்’. பரிசு தருபவர் பள்ளிக்கு உதவும் பட்டறை முதலாளி. ஏழாம் வகுப்பு சுனிதாவை மேடையேற்றிவிட்டார் சார். அவள் வாசித்தாள்:

“பட்டறையில் அப்பாவின் இரண்டு விரல்கள் போய்விட்டன. எனக்குப் பட்டறை பிடிக்காது. அப்பாவுக்குப் பிடிக்கும். லீவு நாளிலும் போய் வாசலில் நிற்கிறார். ஏனென்று எனக்குத் தெரியவில்லை.”

யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் பிரின்சிபால், எழுதியது தவறு என்று அவளிடம் எழுதி வாங்கச் சொன்னார். சார் அவளைக் கூப்பிட்டு இந்தியில் கேட்டார்: “நீ நெனைச்சது மாறிட்டாம்மா?” அவள் இல்லையென்று தலையாட்டினாள். “அப்ப நான்தான் கெளம்பணும்” என்றார் பிரின்சிபாலிடம்.

அவரை வைத்துக்கொள்ளும்படி கெஞ்சி நான் பிரின்சிபாலுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். கொடுக்கும் முன் சார் அதை வாங்கிப் படித்தார்.

“நல்லாத்தாம்வே இருக்கு. பிரின்சிபால் மனச மாத்தப் பாக்கீரு. உம்ம மனசுல என்ன இருக்கு? அத எங்க?”

காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார். கொஞ்சம் தள்ளி தளேகாவ் என்ற ஊரில் டியூஷன் எடுத்தாராம். அங்கேயே இறந்தும் போனார். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கு ஒரே வரி எழுதியிருக்கலாம்: இவர் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் பேச ஆளில்லை.